பான் ஸ்டெஃபான் வீட்டு மத்தியானச் சாப்பாடு

அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே தவமணி வாசலில் ஒரு பிழை விட்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்த வீட்டுக்காரியிடம் கையை நீட்டினாள். கனடாவுக்கு வந்து பழகிக்கொண்ட மரியாதை அது. வீட்டுக்காரி அந்தக் கையைத் தொடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நிறுத்திய பிறகுதான் கை கொடுத்தாள்.

“படிக்கு மேலாகக் கை கொடுக்கக் கூடாது. அது வீட்டை விட்டுப் போனவர்கள் நிற்கிற இடம். அவர்களுக்குக் குறுக்கே கை போகும்.”

சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. சொல்லி முடித்ததும் ஒரு சோடி கம்பளிச் செருப்பை எடுத்துத் தவமணியின் காலடியில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

அது 1973. ரொறொன்ரோவில் ரொன்செஸ்வேல்ஸ் தெருவுக்குப் பக்கத்துச் சின்னத் தெரு ஒன்றில், முன்னால் ஒரு மேப்பிள் மரம் நிற்கிற செங்கல் வீடு. அந்த வட்டாரத்தில் இறைச்சிக்கடைக்காரன், பேக்கரிக்காரி, செருப்புத் தைப்பவன், பாதிரியார் எல்லோரும் போலந்துக்காரர். தவமணி உரும்பிராய்க்காரி. முப்பது வயது, கலியாணமாகவில்லை. ஆஸ்பத்திரி லாப் ஒன்றில் இரத்தம் சோதிக்கிற வேலை. ஸ்ட்ரீட்கார் பிடித்தால் வேலைக்குப் போவது சுகம் என்றுதான் அங்கே அறை எடுத்தாள்.

வீட்டுக்காரியின் பெயர் யத்விகா. அறுபது வயதிருக்கும், நிமிர்ந்த உடம்பு. பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடக் கூடாது, ‘பானி யத்விகா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்றாள். பெண்களுக்கு ‘பானி’, ஆண்களுக்கு ‘பான்’. அந்த மரியாதையைத் தவமணிக்கும் கொடுத்து, அவள் பெயரைத் ‘தாவா’ என்று சுருக்கிக்கொண்டாள். ‘நீ’ என்றோ ‘நீங்கள்’ என்றோ அவள் வாயில் வந்ததே இல்லை. “பானி தாவா ஏன் சாப்பிடவில்லை? பானி தாவாவுக்குக் குளிருகிறதா?” என்று, பக்கத்தில் நிற்கிற வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலத்தான் இங்கிலீஷிலும் பேசுவாள். முதல் சில கிழமைகள் தவமணி தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

தவமணி சைவம். அதை விளங்கப்படுத்தத்தான் பெரும் பாடுபட்டாள். “இறைச்சி இல்லையா? சரி, கோழி,” என்றாள் பானி யத்விகா. கோழியும் இல்லை என்றதும், “அப்படியானால் ஹாம், மெல்லியதாய் வெட்டி,” என்றாள். கடைசியில் பெருமூச்சு விட்டு, ‘பெஸ் மியென்சா’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அன்றிலிருந்து தவமணியின் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கும்போதெல்லாம் அதே பெருமூச்சோடு அந்தச் சொல்லும் வரும். ஆனால் தவமணி வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து கிழவியின் பார்வை மாறியது. இந்த ஊரில் விரதம் என்றால் என்னவென்று தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று பாதிரியாரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

லாப்பில் தவமணிக்கு ஒரேயொரு தமிழ்ச் சிநேகிதி, சாந்தா. தஞ்சாவூர்க்காரி. கணவனோடு மார்க்கம் பக்கம் வீடு வாங்கப் போகிறோம், வாங்கப் போகிறோம் என்று வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

“அந்த அம்மா வீட்ல என்னத்தான் போடறாங்க உனக்கு?” என்று சாந்தா கேட்பாள்.

“எல்லாம் புளிக்கும் சாந்தா. கோவாவும், அதுதான் உங்கடை முட்டைக்கோஸ், புளி, வெள்ளரிக்காயும் புளி. மாவைக் கரைச்சுப் புளிக்க வைச்சு அதிலையும் ஒரு சூப். பியெரோகி எண்டு ஒண்டு செய்வா. எங்கடை கொழுக்கட்டைதான், உள்ளுக்கை உருளைக்கிழங்கு. அது நல்லாயிருக்கும். ஆனா எல்லாத்துக்கும் மேலை சதகுப்பை இலையைத் தூவி விடுவா. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற சரக்கு மணம். ஒவ்வொரு நாளும் பிள்ளை பெத்த மாதிரிக் கிடக்கு எனக்கு.”

சாந்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். “அப்ப மிச்சம் வச்சுட வேண்டியதுதானே?”

“மிச்சமோ? அந்த வீட்டிலையோ? ஒரு துண்டு பாண், அதுதான் உங்கடை பிரெட், நிலத்திலை விழுந்தாக்கூட எடுத்துக் கொஞ்சிப்போட்டுத்தான் மேசையிலை வைப்பா. மனிசி சிரிக்கமாட்டா, பொய் சொல்லமாட்டா. போன கிழமை என்னைப் பாத்து, ‘பானி தாவா மெலிந்து அசிங்கமாகிவிட்டாள்’ எண்டவ. இஞ்சை லாப்பிலை நாள் முழுக்கப் பல்லைக் காட்டுறவை ஒருத்தரும் நான் சாப்பிட்டனானோ எண்டு கேட்டதில்லை. அவ ஒவ்வொரு நாளும் கேக்கிறா.”

போலந்துக்காரரைப் பற்றித் தவமணியின் அபிப்பிராயம் அப்போது அவ்வளவுதான். முகம் கடுமை, கை தாராளம்.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பானி யத்விகா அவளைக் காளான் பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இலையுதிர் காலம் வந்தால் அவர்களுக்குக் காட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு பான் ஸிக்மண்ட் தன் பெரிய காரில் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்குக்கு வடக்கே ஓட்டிப் போனார். அந்தப் பக்கம் விமான நிலையம் கட்டவென்று பண்ணைகளை அரசாங்கம் எடுத்திருந்தது. போகிற வழியெல்லாம் ஆளில்லாத வீடுகள். திரைச்சீலை இல்லாத யன்னல்கள். ஒரு வீட்டின் முற்றத்தில் ஆப்பிள் பழம் பழுத்து விழுந்து, பொறுக்க ஆளில்லாமல் நிலமெல்லாம் சிவந்து கிடந்தது. பானி யத்விகா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பான் ஸிக்மண்ட் காரிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள்.

“தொப்பிக்கு அடியில் ஏடு ஏடாக இருந்தால் தொட வேண்டாம். பஞ்சுபோல இருந்தால் எனக்குக் காட்ட வேண்டும். காணாமல் போனால் ‘ஹொப் ஹொப்’ என்று கூப்பிட வேண்டும். நான் ‘ஹொப் ஹொப்’ என்பேன். காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.”

ஏன் என்று தவமணி கேட்கவில்லை. இப்படியான விஷயங்களில் ஏன் என்று கேட்காத பழக்கம் அவளுக்கு வீட்டிலிருந்தே உண்டு.

குனிந்து தேடத் தொடங்கினால் காளான் ஆளை இழுத்துக்கொண்டே போகும். பைன் ஊசிகளுக்குள் ஒரு மண்ணிறத் தொப்பி தெரியும். அதை வெட்டி நிமிர்வதற்குள் சற்றுத் தள்ளி இன்னொன்று. அப்படியே போனவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது பானி யத்விகாவைக் காணவில்லை. வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. பறவைச் சத்தம் மட்டும் இல்லை.

“ஹொப் ஹொப்!” என்றாள்.

“ஹொப் ஹொப்,” என்று முன்னாலிருந்து பதில் வந்தது. குரல் கரகரத்திருந்தது. கிழவிக்குத் தடிமன் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். கொஞ்சத் தூரம் போய் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி முன்னாலிருந்துதான் பதில் வந்தது, அதே தூரத்தில். அவள் நடக்க நடக்க அது கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. மரங்கள் முடிந்து, புல் மண்டிய ஒரு வளவு வந்தது. அதற்குள் பலகை வீடு ஒன்று. அதன் பின்கதவு திறந்திருந்தது. வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது.

கதவடியில் ஒரு வயசாளி நின்றார். உயரமான மனிதர். வெள்ளை மீசை, நுனியில் மஞ்சள் பாரித்தது. கம்பளி மேற்சட்டையின் பொத்தான்களை ஒன்று மாற்றிப் பூட்டியிருந்தார். தவமணியைக் கண்டதும் குதியை ஒட்டி நின்று, அவளுடைய கையை எடுத்துக் குனிந்து முத்தமிட்டார். அது அவளுக்குப் புதிதில்லை. பான் ஸிக்மண்டும் அப்படித்தான் செய்வார். ஆனால் இவருடைய மீசை கையில் பட்டதைக் கண்ணால் பார்த்தாளே தவிர, தோலில் அது தெரியவில்லை.

மேசையில் ஒரு கோப்பையும் கரண்டியும் முன்னமே வைத்திருந்தது. அவர் கதிரையை இழுத்துவிட்டார். பானையிலிருந்து காளான் சூப்பை அகப்பையால் வார்த்தார். கோப்பையை அவளுக்கு முன்னால் வைக்கும்போது மெல்லச் சொன்னார்:

“பெஸ் மியென்சா.”

தான் இறைச்சி தின்னாதவள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை வெளியில் பானி யத்விகாவைக் கண்டு பேசியிருப்பார், அவள் சொல்லியிருப்பாள் என்று மனதைச் சரிக்கட்டினாள். ஒரு போலந்துக்காரர் வீட்டில் வைத்த கோப்பையைத் தள்ளிவைப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று ஒரு வருஷப் பழக்கத்தில் நன்றாகவே படித்திருந்தாள். கரண்டியை எடுத்தாள். சூப் சூடாக இருந்தது. ஆனால் உப்புக் கரித்தது.

அவர் எதிரில் இருந்து, கரண்டி போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சாப்பிடவில்லை. அவருக்குப் பின்னால் யன்னல். யன்னலுக்கு வெளியே கொடியில் வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடின. வளவைக் கடந்து வந்தபோது தான் கொடி எதையும் காணவில்லையே என்ற யோசனை தவமணிக்கு வந்தது. அந்த யோசனை வந்ததும், அடுப்பில் கொதிக்கிற பானைக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் தனக்கு வெக்கை அடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் காட்டுப் பக்கமிருந்து, வெகு தூரத்தில், பானி யத்விகாவின் சொந்தக் குரல் கேட்டது. “ஹொப் ஹொப்! ஹொப் ஹொப்!”

தவமணி எழும்பினாள். “யெட்ஸ்,” என்றார் அவர். சாப்பிடு என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னார். கோப்பையில் பாதி கிடந்தது. அவள் தெரிந்த மொழிகளிலெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, கூடையை மறந்து வெளியே ஓடினாள்.

பானி யத்விகா மூச்சிரைக்க மரங்களுக்குள்ளிருந்து வந்தாள். ஏசத் தொடங்கியவள் தவமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“இந்த வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். சூப் தந்தார்.”

“இது என் பழைய சிநேகிதன் ஸ்டெஃபானின் வீடு. போன வருஷமே போய்விட்டார்கள்.”

இரண்டு பேருமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பின்கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணிகள் துருப்பிடித்திருந்தன. யன்னலுக்கும் பலகை. கொடி இல்லை. தவமணியின் கூடை கதவடியில், புல்லின்மேல் இருந்தது. அதை அவள் உள்ளே மேசைக்குப் பக்கத்தில் வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பானி யத்விகா கிட்ட வந்து, தவமணியின் உதட்டோரத்தில் இருந்த வெள்ளையை ஒரு விரலால் வழித்தாள். புளித்த கிரீம், அதில் ஒரு துணுக்குச் சதகுப்பை. மணந்து பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

“உப்பு அதிகம். ஸ்டெஃபான் எப்போதும் உப்பை அள்ளித்தான் போடுவான். மனைவி சாகும்வரை அவனோடு அதற்குச் சண்டை பிடித்தாள்.”

காரில் திரும்பி வரும்போது தவமணி ஒன்றைத்தான் கேட்டாள்: “அவர் எப்போது செத்தார்?”

“சாகவில்லை. அதுதான் எனக்குப் பயம். செத்திருந்தால் ஒரு பூசை வைக்கலாம். ஸ்டெஃபான் மிசிசாகாவில் மகள் வீட்டில் உயிரோடு இருக்கிறான்.”

அதன்பிறகு வந்த பயம் வேறு. நச்சுக் காளான் தின்றால் உடனே ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாக இருக்கும், தெரியவரும்போது ஈரல் போயிருக்கும் என்று லாப்பில் வேலை செய்கிற தவமணிக்குத் தெரியாததில்லை. அந்தச் சூப்பை யார் காய்ச்சினார்கள், எந்தக் காளானைப் போட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பானி யத்விகா அவளுடைய கட்டிலருகே செபமாலை உருட்டிக்கொண்டு இருந்தாள். திங்கட்கிழமை காலை சாந்தாதான் இரத்தம் எடுத்து ஈரலைச் சோதித்தாள்.

“எல்லாம் நார்மல். என்னை விட உன் ஈரல் நல்லா இருக்கு,” என்றாள் சாந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணு சொல்றேன் தவமணி. அந்த வீட்ட காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடு. எனக்கு கேக்கவே உடம்பெல்லாம் ஆடுது.”

“காட்டிலை நடந்ததுக்கு அந்த மனிசி என்ன செய்யிறது? நேற்று முழுக்க அவதான் பக்கத்திலை இருந்தவ.”

“அதுக்கில்ல. உயிரோட இருக்கிற ஆளு எப்படி ரெண்டு இடத்துல இருப்பாரு?”

தவமணி சோதனைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்ததும் பானி யத்விகா தவமணியை மிசிசாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மடியில் ஒரு மூடிபோட்ட பாத்திரம். அதில் என்ன என்று சொல்லவில்லை. ஸ்டெஃபானின் மகள் கிறிஸ்டினாவின் கணவனுக்கு விமான நிலையத்தில் வேலை. வீட்டுக்கு மேலாக விமானங்கள் தாழப் பறந்தன. ஒவ்வொன்று போகும்போதும் அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கிறிஸ்டினா களைத்துப் போயிருந்தாள். யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“அப்பாவுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாடு வைத்தால் தொடமாட்டார். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பார். எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை மத்தியானம் அழுதார். விருந்தாளி வந்தாளாம், பாதிக் கோப்பையில் எழும்பி ஓடிவிட்டாளாம். தான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுதார்.”

தவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே யன்னலோரத்தில் அவர் இருந்தார். அதே மீசை. அதே மேற்சட்டை, பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. தவமணியைக் கண்டதும் முகம் திருப்பாமல் நேராகப் பார்த்தார். நீளமாக ஏதோ சொன்னார். கிறிஸ்டினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொல்கிறார்?” என்றாள் தவமணி.

பானி யத்விகா மொழிபெயர்த்தாள். “தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய் என்கிறார். உன்னைக் காட்டிலிருந்து கூப்பிட்டுக் கூட்டிவர அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்கிறார். ஒரு வருஷமாக ஒவ்வொரு மத்தியானமும் கோப்பை வைத்துக் காத்திருந்தாராம். அந்தப் பக்கம் இப்போது யாரும் வருவதில்லையாம்.”

அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பானி யத்விகா அவளை ‘நீ’ என்றாள். ஸ்டெஃபான் சொன்னதை அப்படியே சொன்னாளோ, தானாகச் சொன்னாளோ தெரியாது.

பாத்திரத்தில் இருந்தது காளான் சூப்தான். கிழவி அதைக் குசினியில் சூடாக்கி, ஒரு கை உப்பை வேண்டுமென்றே அள்ளிப் போட்டு, கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். தவமணி இருந்தாள். ஸ்டெஃபான் எதிரில் இருந்து கரண்டியைப் பார்த்தார். தலைக்கு மேல் விமானம் போனது, கிளாஸ்கள் இடித்தன, ஒருவரும் அசையவில்லை. தொண்டை எரிய எரிய அவள் குடித்தாள். கோப்பையைச் சரித்து அடியில் கிடந்ததையும் வழித்தாள். பிறகு தேநீர் வந்தது. அதையும் குடித்தாள். போதும் என்று கையால் காட்டியபோது அவர் பெரிய மூச்சொன்றை விட்டார். எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அவளுடைய கையை எடுத்து முத்தமிட்டார். இந்த முறை மீசை குத்தியது. உதடு சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு ஸ்டெஃபான், ‘வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொன்னதில்லை. மகள் வைத்ததை மகள் மேசையில் சாப்பிட்டார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பண்ணையைப் பற்றிக் கேட்டால், எந்தப் பண்ணை என்றார். ஒருநாள் கிறிஸ்டினா போனில் பானி யத்விகாவிடம், “அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்த வீடு மாதிரி இருக்கிறது இங்கே,” என்று அழுதாளாம். இரண்டு வருஷம் கழித்து அவர் தூக்கத்திலேயே போனார்.

பிக்கரிங்கில் விமான நிலையம் வரவில்லை. அந்தப் பலகை வீட்டை மட்டும் யாரோ இடித்துப்போட்டார்கள்.

தவமணி வேறு வீடு பார்க்கவில்லை. பானி யத்விகாவோடேயே இருந்தாள். பியெரோகி மடிக்கப் பழகினாள். கசகசா அரைத்து உருட்டுகிற கேக்கைக் கிறிஸ்மஸுக்கு அவளே செய்தாள். பாண் துண்டு விழுந்தால் எடுத்துக் கொஞ்சுகிற பழக்கமும் எப்படியோ வந்துவிட்டது. போலந்துக்காரர் எப்படிப்பட்டவர்கள் என்று யாராவது கேட்டால், “சாப்பிடாமல் போக விடமாட்டினம்,” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை. சிரிக்காமல் பேசுவதும் அந்த வீட்டில் பழகியதுதான் என்று சாந்தா சொல்வாள்.

எழுபத்தெட்டில் அவளுடைய தம்பி யோகநாதன் ரொறொன்ரோவுக்கு வந்தான். விமான நிலையத்திலிருந்து நேரே அந்த வீட்டுக்குத்தான் கூட்டிவந்தாள். பானி யத்விகா அவனுக்கு முன்னால் மூன்று விதமான புளிப்பை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுக்கு நடுவில், ஊர்க் கதைகளோடு கதையாக, அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் மாறாட்டம். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் நீ குசினிக்குள்ளை வந்து நிக்கிறாய் எண்டுவா. அலுமாரியைத் திறந்து ஏதோ தேடுறாயாம். நாங்கள் ஒண்டும் சொல்லுறேல்லை. வயசுபோன மனிசிதானே.”

தவமணி கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள்.

“எப்ப தொடக்கம்?”

“நீ கனடாவுக்கு வெளிக்கிட்ட வருசத்திலை இருந்துதான். ஏன்?”

“அம்மா எனக்கு ஏதும் தாறவவோ?”

“தேத்தண்ணி ஊத்தி வைப்பா. நாங்கள் சொன்னாலும் கேக்கமாட்டா, ஒவ்வொரு நாளும் வைப்பா.”

“நான் குடிக்கிறனானோ?”

யோகநாதன் சிரிக்கப் போனான். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“தெரியேல்லை அக்கா,” என்றான். “கோப்பையைக் கழுவுறது அம்மாதான். நாங்கள் ஒருநாளும் எட்டிப் பாக்கேல்லை.”